கோவில் சர்வர் திறக்கவில்லையா? திரையில் வந்த செய்தியிலிருந்து தொடங்குங்கள்

மொரிசியஸில், ரோஸ்ஹில்லில் ஒரு கோவில் அலுவலகம். அங்கே இரும்பு அலமாரிக்கு மேலே, விபூதிப் பொட்டலங்கள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதுதான் எங்கள் சர்வர், கோப்புகளைச் சேமித்துப் பலருக்கும் பகிரும் கணினி. உள்ளே இரண்டு டிஸ்க். பல வருடத்துக் காவடிப் படங்கள், தமிழ் வகுப்பின் ஒலிப்பதிவுகள், தேவாரம் சொல்லிக்கொடுத்த பெரியவர்களின் குரல் எல்லாம் அதற்குள்தான். போர்ட் லூயியிலும் கத்ர போர்னிலும் இருக்கும் ஆசிரியர்கள் தங்கள் வீட்டுக் கணினியிலிருந்து அதைத் திறக்கிறார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் குரல்களில் சிலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. அதனால் இந்த வேலையை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

"அக்கா, சர்வர் வரல" என்று செய்தி வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் முதலில் கேட்பது திரையின் முழுப் படம், கீழே இருக்கும் எண்ணோடு. நம் ஊரில் ஒரு வீட்டுத் திரை ஆங்கிலத்தில் இருக்கும், அடுத்த வீட்டில் பிரெஞ்சில் இருக்கும். வாக்கியம் மாறும், எண் மாறாது. அந்த எண்ணும், வேலை எந்த இடத்தில் நின்றது என்பதும் தெரிந்தால் பாதி முடிந்த மாதிரி. சர்வரையே காணோமா, கண்டும் உள்ளே விடவில்லையா, உள்ளே விட்டும் எதையும் காட்டவில்லையா, காட்டியும் கோப்பு நகரவில்லையா? இந்த நான்கில் எது என்று தெரியும் முன் எதையும் அழிக்கவோ மறுபடி நிறுவவோ வேண்டாம்.

"பாதை கிடைக்கவில்லை": பிழை எண் 53, அல்லது 80070035 என்று முடியும் எண்

கணினிக்குச் சர்வர் எங்கே என்றே தெரியவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

விண்டோஸில் இடப்பக்கம் வரும் 'நெட்வொர்க்' பட்டியலில் பெட்டியின் பெயர் இல்லை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பவே வேண்டாம். சர்வர் நன்றாக ஓடும்போதும் அது காலியாக இருக்கலாம். மேலே உள்ள முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, சர்வரின் பெயருக்குப் பதில் அதன் எண்ணை (ஐபி முகவரியை) அடியுங்கள், உதாரணமாக 192.168.1.20. எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. எண்ணையே வைத்து டிரைவை இணைத்துவிடுங்கள்.

எண்ணுக்கும் திறக்கவில்லையா? உங்கள் கணினியின் சொந்த எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் உங்களுக்கு ரூட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை; கேபிளையும் வைஃபையையும் கவனியுங்கள். அது சரியாக இருந்தால், பெட்டியின் எண் மாறியிருக்கலாம். 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்து ஓய்ந்து, மின்சாரம் திரும்பி வந்ததும், எங்கள் ரூட்டர் பெட்டிக்குப் புது எண் ஒன்றைக் கொடுத்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் 'பாதை கிடைக்கவில்லை'. பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. ரூட்டருக்குள் போய், இந்தப் பெட்டிக்கு எப்போதும் இதே எண் என்று ஒதுக்கி வைத்தேன். அன்றோடு அந்தத் தொல்லை போயிற்று. புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

எண்ணும் சரி, பிங் செய்தால் (சர்வர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால்) பதிலும் வருகிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் போர்ட்டை, அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட கதவை, சோதிக்க வேண்டும். விண்டோஸ் பகிர்வுக்கு, அதாவது எஸ்எம்பிக்கு, 445. கோப்பைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு வழக்கமாக 22. கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபிக்கு 21. வலைத்தள வழியிலேயே கோப்பைக் கையாளும் வெப்டேவுக்கு வழக்கமாக 443. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்குச் சர்வரின் எண்ணையும் போர்ட்டையும் கொடுத்தால் கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். கோவிலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது 445 திறந்திருக்கிறது, வீட்டிலிருந்து மூடியிருக்கிறது என்றால் அது கோளாறே இல்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பல 445ஐ வெளியிலிருந்து மறித்துத்தான் வைக்கின்றன, அதுதான் நல்லது. 2017 மே மாதம் வானக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பியின் ஓட்டை வழியாகத்தான். ரூட்டரில் 445ஐத் திறந்துவிடச் சொல்லி யார் கேட்டாலும் செய்யாதீர்கள். வெளியிலிருந்து வர வேண்டுமானால் விபிஎன் (இணையத்தின் வழியே கோவில் நெட்வொர்க்குக்குள் போகும் தனி வழி), இல்லையென்றால் எஸ்எஃப்டிபி.

விபிஎன் இணைந்துவிட்டது, சர்வரை மட்டும் காணோம்

என்னை நீண்ட நாள் அலைக்கழித்தது இதுதான். விபிஎன் பச்சையாகக் காட்டுகிறது. பிழை எதுவும் இல்லை. 192.168.1.20 என்று அடித்தால் மட்டும் நிசப்தம். அதே ஆசிரியர் தன் கைபேசியின் டேட்டாவில் கணினியை இணைத்தால் உடனே திறக்கிறது!

காரணம் எளிது. கோவிலின் ரூட்டரும் அவர் வீட்டு ரூட்டரும் ஒரே எண் வரிசையில் இருக்கின்றன, இரண்டுமே 192.168.1. நம் நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு ராயல் ரோடு இருக்கிறதல்லவா? "ராயல் ரோடு, 20ஆம் எண்" என்று மட்டும் சொன்னால் வண்டிக்காரர் தன் ஊர் ராயல் ரோட்டுக்குத்தான் போவார். கணினியும் அப்படித்தான். அந்த எண் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைத்து அங்கேயே தேடுகிறது, விபிஎன் பக்கம் திரும்புவதே இல்லை.

கோவில் பக்கத்து வரிசையை மாற்றுங்கள். 192.168.73 மாதிரி யாரும் எளிதில் வைத்திருக்காத எண்ணாகப் பார்த்துப் போடுங்கள். ஆசிரியர்களின் வீடுகளில் போய் மாற்றுவதை விட, ஒரே இடத்தில் ஒரு முறை மாற்றுவது மேல். மாற்றும் அன்று பிரிண்டர், கேமரா, பெட்டி மூன்றின் எண்களும் மாறும் என்பதால், யாரும் வேலை செய்யாத ஒரு மாலை நேரத்தில் செய்யுங்கள்.

"பாஸ்வேர்டு தவறு" என்கிறது, நான் சரியாகத்தான் அடித்தேன்

உங்களை நம்புகிறேன். ஆனால் விசைப்பலகை நீங்கள் அடித்ததைத்தான் அனுப்பியதா?

நம் வீடுகளில் பிரெஞ்சு விசைப்பலகையும் ஆங்கில விசைப்பலகையும் கலந்து கிடக்கின்றன. பிரெஞ்சில் 'ஏ'யும் 'கியூ'வும் இடம் மாறியிருக்கும், 'இசட்'டும் 'டபிள்யூ'வும் அப்படியே. எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். கணினியின் அமைப்பு பிரெஞ்சிலும் கையில் உள்ள பலகை ஆங்கிலத்திலும் இருந்தால், பாஸ்வேர்டுப் பெட்டியில் தெரியும் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்99 விசைப்பலகையை அணைக்க மறந்தாலும் இதே கதைதான். நோட்பேடைத் திறந்து பாஸ்வேர்டை ஒரு முறை அடித்துப் பாருங்கள். கண்ணால் சரிபார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். இதிலேயே பலருக்குச் சரியாகிவிட்டது.

அப்புறம் பயனர் பெயர். விண்டோஸ் உங்களைக் கேட்காமலேயே தன் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பெயரை அனுப்பிப் பார்க்கும். சர்வரில் உள்ள கணக்குத்தான் வேண்டும் என்று சொல்ல, சர்வர் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்ற வரிசையில் அடியுங்கள். பகிர்வது கறுப்புப் பெட்டி இல்லை, இன்னொரு விண்டோஸ் கணினி என்றால், அதைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. அந்தக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும்.

போன மாதம் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, சர்வர் பெயரில் இருக்கும் பழைய பதிவை நீக்குங்கள். விண்டோஸ் பழையதையே பிடிவாதமாக அனுப்பிக்கொண்டிருக்கும், சில சர்வர்கள் நாலைந்து தவறுக்குப் பிறகு உங்கள் எண்ணையே தடைசெய்துவிடும். அப்படித் தடை விழுந்தால் சரியான பாஸ்வேர்டும் உள்ளே போகாது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தடையை எடுக்க வேண்டும்.

பிழை எண் 1219

ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போகப் பார்க்கிறீர்கள். 'ஆசிரியர்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே திறந்திருக்கிறது, இப்போது 'நிர்வாகம்' என்ற பெயரில் இன்னொன்றைக் கேட்கிறீர்கள். விண்டோஸ் அதற்கு விடாது. முதல் இணைப்பைத் துண்டித்துவிட்டு வாருங்கள். இரண்டுமே வேண்டுமென்றால், ஒன்றைச் சர்வர் பெயராலும் மற்றதைச் சர்வர் எண்ணாலும் திறங்கள். விண்டோஸ் அவற்றை இரண்டு வேறு சர்வர் என்று எடுத்துக்கொள்ளும்.

புது விண்டோஸ் வந்ததிலிருந்து திறக்கவில்லை

பாஸ்வேர்டே இல்லாமல், விருந்தினர் போலத் திறந்துகொண்டிருந்த ஃபோல்டர்களுக்கு இது வரும். விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பில் இரண்டு விஷயம் கடுமையாகிவிட்டது: விருந்தினர் நுழைவு கிடையாது, எஸ்எம்பியில் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கட்டாயம். அந்தத் தடையைத் தளர்த்தும் வழி இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சர்வரில் ஒவ்வொருவருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்குவதற்குப் பத்து நிமிடம் போதும். கையொப்பம் தெரியாத பழைய பெட்டியாக இருந்தால் அதன் ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள்.

பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடுவதை நிறுத்திவிட்டதா? அது பெரும்பாலும் எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த இயந்திரம். 2017 இலையுதிர்காலப் பதிப்பிலிருந்தே புதிதாக நிறுவும் விண்டோஸ் 10ல் அதன் சர்வர் பகுதி வருவதில்லை. இயந்திரத்துக்காக முதல் பதிப்பை மறுபடி திறக்காதீர்கள். கோவிலுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஓர் எஃப்டிபி ஃபோல்டரை அதற்குக் கொடுங்கள்.

எஸ்எஃப்டிபி: "சர்வரின் அடையாளம் மாறிவிட்டது"

இந்த எச்சரிக்கைக்கு மட்டும் யோசிக்காமல் 'சரி' கொடுக்கக் கூடாது. சர்வரை மறுபடி நிறுவியிருந்தால் இது வருவது இயல்பு. நிறுவவில்லை என்றால் நடுவில் வேறு யாரோ நிற்கலாம். சர்வரைப் பார்த்துக்கொள்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கைரேகை என்று திரையில் தெரியும் எழுத்துகளின் முதல் சிலவற்றையும் கடைசிச் சிலவற்றையும் வாசித்துக் காட்டுங்கள். ஒத்துப்போனால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எஃப்டிபி: உள்ளே போகிறது, பட்டியல் வரவில்லை

பெயரும் பாஸ்வேர்டும் ஏற்றாயிற்று, அதன் பிறகு பட்டியலுக்காகக் காத்துக் காத்து நேரம் முடிந்துவிடுகிறது. எஃப்டிபி பேசுவதற்கு ஓர் இணைப்பும், பட்டியலையும் கோப்பையும் அனுப்ப இன்னோர் இணைப்பும் திறக்கும். அந்த இரண்டாவதை ரூட்டர் மறிக்கிறது. ஃபைல்ஸில்லா என்ற கோப்பு அனுப்பும் நிரலில் 'பேசிவ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் சர்வர் பக்கத்தில் பேசிவ் போர்ட்டுகளைத் திறக்க வேண்டும். முடிந்தால் எஃப்டிபியையே விட்டு எஸ்எஃப்டிபிக்கு வந்துவிடுங்கள். அதற்கு ஒரே கதவு.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் மட்டும் தொல்லை தருகின்றன

இதற்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, "பெயரை ஆங்கிலத்தில் வைத்துவிடு" என்பது. நான் அதை ஏற்கவில்லை. வகுப்புக்கு வரும் பிள்ளை 'பொங்கல்' என்று தேடி, பொங்கல் படம் கிடைக்க வேண்டும். நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கும்போது ஒரு கோப்பின் பெயரில் ஏன் இருக்கக் கூடாது? சர்வர்களுக்குத் தமிழ் தெரியும். தொல்லை எங்கே வருகிறது என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

பெயருக்குப் பதில், தலைக்கோடு போட்ட பிரெஞ்சு 'ஆ' எழுத்தும் (à) வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் (®) மாறி மாறி வருகிறதா? யூனிகோட் தமிழை மேற்கத்திய எழுத்தாகத் தப்பாக வாசித்திருக்கிறது. தமிழ் எழுத்து எதுவானாலும் யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் சேமிப்பு முறையில் ஒரே பைட்டில்தான் தொடங்கும், அதனால்தான் அந்தப் பிரெஞ்சு எழுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் வருகிறது. ஃபைல்ஸில்லாவின் தள மேலாளரில், எழுத்துக் குறியாக்க முறைக்கான தாவலில், யுடிஎஃப்-8ஐக் கட்டாயமாக்குங்கள். அது சரியாகும் வரை எந்தப் பெயரையும் மாற்றாதீர்கள். தப்பாகத் தெரியும்போது மாற்றினால் உண்மையிலேயே கெட்டுவிடும். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்துப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது சர்வரின் குற்றம் அல்ல. அவை பிறந்ததே அப்படி.

இப்போது விசித்திரமான ஒன்று. ஒரு டீச்சர் காட்டினார்: 'தைப்பூசம்' என்ற ஃபோல்டர் ஒன்று, 'காவடி' ஒன்று, ஆனால் 'பொங்கல்' இரண்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாதே என்று இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

'பொ' என்ற எழுத்தில்தான் விஷயம். யூனிகோடில் 'ொ' என்ற குறியை ஒரே துண்டாகவும் எழுதலாம். 'ெ' ஒன்று, 'ா' ஒன்று என இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை, சர்வருக்கு இரண்டும் வேறு. 'ோ', 'ௌ', தனி 'ஔ' ஆகியவற்றுக்கும் இப்படி இரட்டை வடிவம் உண்டு. மற்ற தமிழ் எழுத்துகளுக்கு இல்லை. அதனால்தான் தைப்பூசமும் காவடியும் தப்பித்தன, பொங்கலும் கோவிலும் மாட்டின. நம் நாட்டின் பெயரான மொரிசியஸும் மாட்டும்! பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும் வழக்கம் உள்ளவை. 2017ல் வந்த புதிய கோப்பு முறை கொடுத்ததை அப்படியே வைக்கிறது. பழைய மேக்கிலிருந்து எஸ்எஃப்டிபி வழியாகவோ ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகவோ லினக்ஸ் சர்வருக்கு வந்த பெயர் பிரிந்த வடிவிலேயே உட்கார்ந்துவிடுகிறது. விண்டோஸிலிருந்து வந்தது சேர்ந்த வடிவில். தேடினாலும் ஒன்றுதான் கிடைக்கும்.

சரிசெய்ய லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. பெயர்களை எல்லாம் சேர்ந்த வடிவுக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றித் தரும். முதலில் ஒத்திகையாக ஓட விட்டு, என்ன மாற்றப்போகிறது என்று பட்டியல் பாருங்கள். இரட்டை ஃபோல்டர் இருந்தால் அதற்கு முன் ஒன்றுக்குப் பெயர் மாற்றி வையுங்கள், உள்ளே இருப்பதை ஒப்பிட்டு ஒன்று சேர்க்கலாம். எதையும் அழிக்காதீர்கள். அந்த டீச்சரின் இரண்டு பொங்கலிலும் வேறு வேறு வருடத்துப் படங்கள் இருந்தன.

கருவியால் தீராத ஒன்றும் உண்டு. 'கௌரி' என்று அடிப்பதற்குப் பதில் 'கெ' அடித்து, பின்னால் 'ள' அடித்து, 'ரி' போட்டிருப்பார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். அது எழுத்துப் பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது நீளம். "பெயர் மிக நீளம்" என்று வந்தால் எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் சர்வர்களில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும், மூன்று பைட். '2024 தைப்பூசக் காவடி ஊர்வலம்' என்ற பெயரில் தமிழ்த் துண்டுகள் 21, ஆக 63 பைட். எண்ணும் இடைவெளியும் சேர்த்து 70. கவலை இல்லை. ஆனால் சினாலஜி நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டியில் மறைகுறியாக்கம் செய்த ஃபோல்டர் என்றால் எல்லை 143க்கு இறங்கிவிடும், தமிழில் 47 துண்டுதான். சிலர் ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைப்பார்கள். அதைக் குறைத்து, விவரத்தை உள்ளே ஒரு குறிப்புக் கோப்பில் எழுதுங்கள்.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் குறி இருந்தாலும் விண்டோஸுக்கு ஆகாது. லினக்ஸிலோ மேக்கிலோ 'பூசை 9:30' என்று வைத்த கோப்பு, விண்டோஸில் அர்த்தமில்லாத எட்டு எழுத்தாகத் தெரியலாம். 9.30 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பெரிய கோப்பு பாதியில் நிற்கிறது, அல்லது நகரவே இல்லை

வெப்டேவ் வழியாக விண்டோஸில் இணைத்திருக்கிறீர்களா? சின்னப் படங்கள் போகின்றன, வீடியோ மட்டும் 'அளவு எல்லையைத் தாண்டியது' என்கிறதா? விண்டோஸின் வெப்டேவ் தானாகவே 5 கோடி பைட்டில், ஏறக்குறைய 48 எம்பியில், எல்லை போட்டிருக்கிறது. அதை 4 ஜிபி வரை உயர்த்தலாம், ஆனால் விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். வீடியோவுக்கு எஸ்எஃப்டிபி போதும் என்பது என் கருத்து.

விபிஎன் வழியாக ஃபோல்டர் பட்டியல் வருகிறது, கோப்பைத் திறந்தால் உறைந்துவிடுகிறது என்றால் பொட்டல அளவைக் குறையுங்கள். விபிஎன் அமைப்பில் எம்டியு என்ற இடத்தில் 1280 போட்டுப் பாருங்கள்.

வேகம் குறைவு என்பது மட்டும் புகார் என்றால் கொஞ்சம் கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டிலிருந்து மேலேற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் அது நொடிக்கு 2.5 மெகாபைட். 8 ஜிபி காவடி வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது கோளாறு இல்லை. சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் வேறு கணக்கு. ஒரு சுற்றுப் பேச்சுக்கு 200 மில்லிசெக்கண்ட், ஒரு படத்துக்கு ஐந்து சுற்று என்று வைத்தால், 300 படத்துக்குக் காத்திருப்பு மட்டுமே ஐந்து நிமிடம், படம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும். அவற்றை ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

"சான்றிதழ் செல்லாது"

சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட தேதிகளுக்குள்தான் செல்லும். அதனால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு பழைய கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்தால் திறந்துவிடும். மறுபடி மறுபடி பின்னால் போனால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும்.

காலையில் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி

வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் சர்வரைத் தேடியிருக்கிறது. டிரைவை ஒரு முறை திறந்து பாருங்கள். திறந்தால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். கணினி தொடங்கியவுடன் தானாகப் பிரதியெடுக்கும் நிரல் அந்த டிரைவை நம்பியிருந்தால் மட்டும், அதை இரண்டு நிமிடம் தாமதித்துத் தொடங்கும்படி வையுங்கள். மறுநாள் காலையில் அன்றைய தேதியோடு ஒரு கோப்பு சர்வரில் வந்திருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.